ஒட்டுத் துணியும் ஒரு பொறியாளரின் தப்புக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது சங்கச் செயலாளர், "ஏதாவது டெக்னாலஜி பத்திப் பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். செயற்கை நுண்ணறிவு, மின்சாரக் கார் என்று ஏதாவது எடுத்துக்கொண்டு வருவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேசப் போவது காலையில் வாசலில் உங்கள் கையில் கொடுத்தார்களே, அந்தப் பையைப் பற்றி. நிகழ்ச்சி நிரல், ஒரு பேனா, நம்ம ஊர் ஏலக்காய் ஐம்பது கிராம், இவற்றைப் போட்டுக் கொடுத்த அந்தத் துணிப்பைதான். தயவுசெய்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காயை வெளியே எடுத்துவிட்டுப் பையை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பாருங்கள்.

வெளியே சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிகின்றனவா? புள்ளி போட்டிருப்பது சுங்குடி. காக்கியும் கருநீலமும் பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சியது. பளபளப்பாக ஓரிரண்டு இருந்தால் அது யாரோ ஒருவருடைய கல்யாண ரவிக்கையின் மிச்சம். உள்ளே வெள்ளையாக இருப்பது காடாத் துணி. இந்தப் பையில் புதிதாக விலைக்கு வாங்கியது அதுவும் நூலும்தான். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இருக்கும். அது வேறொன்றுமில்லை, தாம்பூலப் பை. நம் வீடுகளில் பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதே, அதேதான். பிரித்து, துவைத்து, நடுவில் வைத்திருக்கிறோம். மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் உங்கள் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் சிலருக்குப் படிக்கவும் முடியும்.

மூன்று அடுக்காக வைத்து மேலோடு கோடு கோடாகத் தைக்கும் இந்த வேலையைக் கடைகளில் 'குவில்ட்' என்கிறார்கள். பெயர்தான் புதிது. நாம் குழந்தையாகப் படுத்திருந்த, பாட்டியின் பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்ட விரிப்பும் இதே சங்கதிதான். வட கர்நாடகத்தில் இதைக் 'கௌதி' என்று சொல்லிப் போர்த்திக்கொள்கிறார்கள். வங்காளத்தில் 'காந்தா' என்று பெயர் வைத்துப் பூ வேலை செய்து ஊர் ஊராக விற்கிறார்கள். நாம் மட்டும் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அதைக் கால் துடைக்கப் போட்டுவிட்டோம்.

என் அம்மா போடியில் ரவிக்கை தைப்பவர். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கால் மிஷின். அதன் அடியில் எப்போதும் வெட்டுத் துணிக் குவியல் ஒன்று கிடக்கும். ரவிக்கை வெட்டினால் கை வளைவிலும் கழுத்து வளைவிலும் துண்டு விழாமல் இருக்காது. தலையணைக்குள் அடைத்தது போக, அடுப்படியில் பிடிதுணியானது போக, மீதி குப்பைக்குத்தான் போகும். நான் நம் கல்லூரியில் இயந்திரவியல் படித்த நான்கு வருடமும் அந்தக் குவியலைத் தாண்டித்தான் தினமும் வெளியே வந்தேன். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, நம் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு நாள் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது மலைக்குப் போகும் ஜீப். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்து படித்த நண்பர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் போடியில் நின்று பார்த்தால், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக முந்தல் பக்கம் போகும். 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளத்துத் தோட்டங்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை. உள்ளே தூக்குவாளியில் சோறு, தண்ணீர்ப் பாட்டில், ஸ்வெட்டர், மழைக்குப் படுதா, அட்டை கடிக்காமல் இருக்கக் காலுறை, வெற்றிலை பாக்கு. அந்தப் பை பெரும்பாலும் ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப் பையாக இருக்கும், இல்லையென்றால் உரச் சாக்கில் தைத்ததாக இருக்கும். கட்டைப் பை ஒரு பருவம் தாங்காது, கைப்பிடி பிய்த்துக்கொள்ளும். உரச் சாக்கில் சோற்றை வைத்துக்கொண்டு போவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவர்களுக்கு ஒரு நல்ல பை செய்தால் என்ன என்றுதான் ஆரம்பித்தோம். 'தோம்' என்றால் என் அம்மா, தெருவில் மிஷின் வைத்திருக்கும் மூன்று பேர், மலைக்குப் போய்க்கொண்டிருந்து முழங்கால் வலியால் நின்றுபோன ஒரு பெரிய அக்கா, வாரக் கடைசியில் ஊருக்கு வரும் நான்.

முதல் பை அழகாக வந்தது. ஊஞ்சல் கொக்கியில் மாட்டி, இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை உள்ளே வைத்தேன். இருபது கிலோ சும்மா தொங்கியது. நான் படித்த படிப்புக்கு அத்தோடு விட முடியுமா? ஜீப் குலுங்குவது போல இருக்கட்டும் என்று கேனைச் சற்றுத் தூக்கி விட்டேன். நாலாவது குலுக்கலில் டர்ரென்று கிழிந்தது. குனிந்து பார்த்தால் நூல் அறுபடவில்லை! கைப்பிடியைச் சேர்த்த இடத்தில் துணிதான் கிழிந்திருந்தது. உறுதியாக இருக்கட்டும் என்று அம்மா அங்கே பொடித் தையலாக ஏழெட்டு முறை ஓட்டியிருந்தார். அஞ்சல்தலை ஓரத்தில் துளை போட்டால் எப்படி அழகாகக் கிழிகிறதோ, அதே மாதிரி ஆகிவிட்டது. தையல் கூடக் கூடப் பலம் கூடும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு அளவுக்கு மேல் ஊசி துணியை அறுக்கிறது.

அதற்குப் பிறகு கைப்பிடியை வாய் ஓரத்தில் தைப்பதை விட்டுவிட்டோம். உங்கள் பையைப் பாருங்கள், கைப்பிடிப் பட்டை ஒரு பக்கத்திலிருந்து இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறுகிறது. பாரத்தை நாலு தையல் தாங்காமல் அடியிலிருந்து பட்டையே தூக்குகிறது. அந்தப் பட்டை பழைய ஜீன்ஸ். முட்டியும் உட்காரும் இடமும் நைந்திருக்கும், அவற்றை ஒதுக்கிவிட்டுக் கணுக்கால் பக்கத்திலிருந்து நீளவாக்கில் வெட்டினால் நல்ல துணி கிடைக்கும்.

பிறகு துணியின் போக்கு. பாவு நூல் வாக்கில் இழுத்தால் துணி நீளாது. கோணலாக, தையல்காரர்கள் 'கிராஸ்' என்பார்களே அப்படி இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். ரவிக்கைத் துண்டுகளில் பாதி கிராஸாகத்தான் விழுகிறது. அதைக் கவனிக்காமல் சேர்த்தால் பை ஒரு பக்கம் தொங்கிப்போகும். அட்டையில் 12 செ.மீ. சதுரம் வெட்டி, நூல் வாக்கில் வைத்துத்தான் இப்போது வெட்டுகிறோம். சுற்றிலும் ஒரு செ.மீ. தையலுக்குப் போனால் பத்துக்குப் பத்து நிற்கும். ஒரு பக்கத்துக்கு 16, இரண்டு பக்கத்துக்கு 32 துண்டு.

வெட்டும் முன் எல்லாத் துணியையும் துவைத்தாக வேண்டும். பருத்தி முதல் துவையலில் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒரு துவையலுக்குப் பிறகு பை அப்பளம் பொரித்த மாதிரி ஆகிவிடும். சிவப்பையும் கருநீலத்தையும் ஒரு வெள்ளைத் துணியோடு நனைத்து வைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சேலையை வெளிச்சத்தில் பிடித்தால் நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். இடுப்பில் செருகும் முனைப் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கும், தரையில் உரசும் கீழ் ஓரம் உதவாது. பனியன் துணி நீளும் என்பதால் வெளியே வைக்க லாயக்கில்லை, நடு அடுக்குக்கு அருமை.

மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி தள்ளிக்கொண்டு வந்து நடுவில் புடைக்கும். ஊசி 14 போதாது, 16 அல்லது 18. தையல் நீளத்தைக் கூட்டி வைக்க வேண்டும். இந்தக் கோடுகள் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். முள்ளில் மாட்டி ஒரு சதுரம் கிழிந்தால் கிழிசல் அடுத்த தையல் கோட்டை எட்டியதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்குத்தான் இவ்வளவு பாடு.

இவ்வளவும் செய்து அந்த அக்காவிடம் கொடுத்து, அவர் மகளோடு மலைக்கு அனுப்பினோம். ஆனி மாதச் சாரல். ஒரு வாரத்தில் பை திரும்பி வந்தது. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நனைஞ்சா நாலு நாளைக்குக் காயமாட்டேங்குது. ஈரப் பையைத் தூக்கிக்கிட்டு மேடேறச் சொல்றியா?" என்றார் அக்கா. மூன்று அடுக்குப் பருத்தி தண்ணீரைக் குடிக்கும் என்பதைச் சொல்லப் பொறியியல் பட்டம் தேவையில்லை! எனக்குத்தான் தோன்றவில்லை. இப்போது மலைக்கான பையில் அடித்தட்டுக்கும் அதிலிருந்து நாலு விரல் உயரத்துக்கும் அரிசிச் சாக்குத் துணி வைக்கிறோம். உரச் சாக்கும் மருந்துச் சாக்கும் எவ்வளவு கழுவினாலும் சோற்றுப் பைக்கு ஆகாது. ஏலத்துக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறோம் என்பது இங்கே இருக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் மாணவத் தம்பிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடையில் புதுத் துணிப்பை மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தக் கந்தல் துணியோடு மல்லுக்கட்டு?

அதற்கு விடை எண்ணிக்கையில் இருக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பை, ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாகப் புவி வெப்பமாதல் கணக்கில் வர வேண்டுமானால் அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க் 2018இல் செய்த கணக்கு இன்னும் மிரட்டும். பருவநிலை மட்டும் பார்த்தால் 52 தடவை. தண்ணீர், ஓசோன் என்று எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை. தினமும் கடைக்குப் போனால் பத்தொன்பது வருடம்! பருத்தி விளைய, நூற்க, நெய்ய, சாயம் போட ஆகும் தண்ணீரும் மின்சாரமும் உரமும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கொட்டகுடி ஆற்றில் ஒதுங்கும் கவர்களை அந்த ஆய்வுகள் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் பிளாஸ்டிக்குக்கு அவை நற்சான்று கொடுத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் புதுத் துணியில் பை தைத்து, வீட்டுக்கு இருபதாக அடுக்கி வைப்பது சுற்றுச்சூழல் சேவை ஆகாது. வெட்டுத் துணிக்கோ, அந்தச் செலவெல்லாம் ஏற்கெனவே ரவிக்கை கணக்கில் போய்விட்டது. மிஞ்சுவது தையல் செலவு மட்டும்.

அந்தத் தையல் செலவில்தான் நான் சறுக்கினேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு வெளியூர்க் கடை ஒன்று நூறு பை கேட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. விலை போடும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள், பொறியாளர் ஆயிற்றே. அம்மாவை உட்கார வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு பைக்கு 25 நிமிடம். துணிக்கு விலை பூஜ்யம். நூல், காடாத் துணிக்கு 15 ரூபாய். கூலி 45. இதரச் செலவு 10. ஆக 70 ரூபாய். 25 நிமிடத்துக்கு 45 ரூபாய் கூலி என்றால் நல்ல கூலிதானே என்று மார்தட்டிக்கொண்டேன்.

நூறு பையை முடிக்க ஏழு வாரம் ஆனது. ராத்திரி பதினொரு மணிவரை மிஷின் ஓடியது. அப்புறம்தான் உட்கார்ந்து முழுக் கணக்கைப் பார்த்தேன். நான் நேரம் பார்த்தது முப்பது வருடம் தைத்த கையை. அதுவும் தையலை மட்டும். துணியைத் தரம் பிரித்தது, துவைத்தது, சாயம் சோதித்தது, இஸ்திரி போட்டது, வெட்டியது, நிறம் பார்த்து அடுக்கியது, எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு பைக்கு நூறு நிமிடம் ஆகியிருந்தது. மணிக்கு 27 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 216. மலைக்குப் போனால் கிடைக்கும் கூலியில் பாதி கூட இல்லை. துணி ஓசி என்பதற்காக, அந்த ஐந்து பேருடைய ஏழு வாரத்தையும் கிட்டத்தட்ட ஓசியாக்கிவிட்டேன்.

குற்ற உணர்ச்சியில் என் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் ஈடுகட்டப் போனேன். மற்றவர்கள் தயங்கி வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரிய அக்கா வாங்கவில்லை. "நீ ஏன் தம்பி குடுக்குற? பை வாங்குனவுகள்ல குடுக்கணும்" என்றார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "இனிமே கணக்கை நாங்க போட்டுட்டு உன்கிட்ட காட்டுறோம், நீ சரி பாரு" என்று மட்டும் சொன்னார். இப்போது அப்படித்தான் நடக்கிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் போட்டு நைந்த வேலை உடுப்புகளை ஒட்டுப் போட்டுப் போர்வை தைத்தார்கள். அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966இல் கூட்டுறவு ஒன்று அமைத்து விற்கத் தொடங்கினார்கள். 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. இத்தனை பெயர் வந்தும், வர வேண்டிய பணம் தைத்தவர்கள் கைக்கு முழுதாக வரவில்லை என்று 2007இல் அவர்களில் சிலர் வழக்குப் போட வேண்டியிருந்தது. நம் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் கரையோர மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் 'சுனாமிகா' என்ற சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மையை விற்கவில்லை. பரிசாகத்தான் கொடுத்தார்கள், நன்கொடை வந்தது, செய்த பெண்களுக்குக் கூலி போனது. பொம்மைக்கு அது சரி. சந்தையில் கட்டைப் பையோடு போட்டியிடும் பைக்கு அந்த வழி ஒத்துவராது.

நாங்கள் செய்தது வேலை முறையை மாற்றியதுதான். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தைத்து நூலை வெட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக மிஷினில் விட்டுக்கொண்டே போய் முடிவில் வெட்டினால் நேரமும் நூலும் மிச்சம். துவைப்பதும் தரம் பிரிப்பதும் தனி வேலை, அதற்கு மணிக் கூலி. அந்த அக்கா இப்போது அதைத்தான் பார்க்கிறார், உட்கார்ந்த இடத்தில். ஒரு துணியைக் கசக்கிப் பார்த்து அதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று அவர் சொல்வதற்கு, நூலைக் கொளுத்தி நான் செய்யும் சோதனை தோற்றுப்போகிறது. எல்லாம் சேர்த்து இப்போது ஒரு பைக்கு 65 நிமிடம். கூலி 85, நூலும் காடாவும் கூடின விலையில் 35, மிஷின் பழுது, ஊசி, மின்சாரம், கழிவு எல்லாவற்றுக்கும் 30. ஆக 150 ரூபாய்.

இந்தச் சந்திப்புக்குப் பை வேண்டும் என்று நம் சங்கத்தில் பேச்சு வந்தபோது நான் 150 என்றேன். ஒரு நண்பர், பெயர் வேண்டாம், முன் வரிசையில்தான் இருக்கிறார், "ஏன்டா, கந்தல் துணிப் பைக்கு நூத்தம்பதா? புதுசே அறுபது ரூபாய்க்கு வருதே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தவர், இரண்டு மணி நேரம் தாம்பூலப் பையின் தையலைப் பிரித்தார். பதினோரு பை பிரித்தார். விரலில் கத்தரி பட்டது. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, "தொகையைக் கமிட்டியில நானே சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லவும் செய்தார். அவருக்கு என் நன்றி.

கேட்காத விலையும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. மலைக்குப் போகும் பெண்களில் 150 ரூபாய் கொடுத்து இந்தப் பையை வாங்கியவர்கள் மிகக் குறைவு. யாருக்காக ஆரம்பித்தோமோ அவர்களுக்கு அது எட்டவில்லை. இப்போது அவர்கள் வீட்டுப் பழைய துணியைக் கொண்டுவந்தால், துவைப்பதையும் பிரிப்பதையும் அவர்களே செய்துவிட்டால், தையல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுக்கிறோம். இந்த ஏற்பாடு நிற்குமா என்று அடுத்த மழைக்காலம் முடிந்தால் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பையைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், முதல் தடவை தனியாக. எங்காவது தையல் விட்டால் தூக்கிப் போடாமல் என்னிடம் அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம். எந்த இடத்தில் விட்டது என்பது எங்களுக்கும் தெரிய வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் கிடக்கும் தாம்பூலப் பைகளைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழிலேயே கேட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள் அதில் போடலாம். பளபளவென்று நைலானில் வருகிறதே, அது வேண்டாம். மஞ்சள் பருத்திப் பையாக இருந்தால், எத்தனை வருடத்துக் கல்யாணமாக இருந்தாலும் சரி.